ஐம்பத்தொன்பது கோடாலிகளும் ஒரு தாழ்ப்பாளும்

மாப்பிள்ளையிடம் ஐம்பத்தொன்பது கோடாலிகள் இருந்தன. ஆயுளில் ஒரு குச்சியை வெட்டியவரில்லை.

வீட்டில் அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். வீடு மாமியாருடையது. கல்யாணமான புதிதில் "கொஞ்ச நாளைக்கு" என்று பெட்டியோடு வந்தவர், தலை நரைக்கும்வரை அந்தக் கொஞ்ச நாளை இழுத்துக்கொண்டு போனார். வேலை இன்சூரன்ஸ் அலுவலகத்தில். இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று கடிதம் எழுதும் பிரிவு. அந்த இல்லையையும் அவர் நேராகச் சொன்னதில்லை. "மிகுந்த பரிசீலனைக்குப் பின்" என்று தொடங்குவார். அது போய்ச் சேருமிடம் தெரியாமல், நன்றி சொல்லிப் பதில் எழுதியவர்களும் உண்டு.

முதல் கோடாலி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. குழாய்க்கு ஒரு திருகு வாங்கப் போன இடம். துருப்பிடித்த கைக்கோடாலி ஒன்று சாக்கின் மேல் கிடந்தது. சும்மாதான் எடுத்தார். பிடியில், கட்டைவிரல் படுகிற இடத்தில், ஒரு பள்ளம். யாரோ ஒருவன் காலமெல்லாம் பிடித்துப் பிடித்துத் தேய்ந்தது. மாப்பிள்ளையின் விரல் நோகாமல் போய் அதில் உட்கார்ந்துகொண்டது. அடுத்தவன் உழைத்த இடத்தில் போய் உட்காருவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்த இடம் எதிர்த்துப் பேசவில்லை.

கையில் பிடித்தபோது, எதையோ முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது. என்ன முடிவு என்று தெரியவில்லை. கோடாலி என்பது பிடி போட்ட முடிவு என்று அவருக்குத் தோன்றியது. எதை என்று கேட்காமல் கூடவே இருக்கும்.

திருகை மறந்துவிட்டுக் கோடாலியோடு வீட்டுக்கு வந்தார். மனைவி கதவைத் திறந்தாள். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை அவளுக்கு. பேச்சும் அப்படித்தான், ஒரு குத்து, அடுத்த ஆள்.

"எதுக்கு?" என்றாள்.

"சும்மா."

"குழாய் ஒழுகுது."

குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. கோடாலிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. மரம் பிளக்கிற கனத்த கோடாலி. இரட்டை வாய்க் கோடாலி. ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தட்டிய தச்சர் கோடாலி. எடையை உள்ளங்கையில் வாங்கி, கண்ணை மூடி, கொல்லன் குத்திய முத்திரையை விரலால் தடவுவார். அலுவலகத்தில் யாரும் அவருக்காக எழுந்து நின்றதில்லை. இங்கே சுவர் முழுக்க நின்றார்கள்.

ஆரம்பத்திலேயே மாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "அறுக்க மாட்டாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அருவாளாம்." யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, தலை வாரிக்கொண்டே சொன்னார். அது மாப்பிள்ளையின் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. எண்ணிக்கை ஐம்பத்தேழு ஆனதும் நிறுத்திக்கொண்டார். நல்ல கோடாலிகள் வந்தன, விட்டுவிட்டார். கடைசியில் ஒரே நாளில் இரண்டாக வாங்கி, ஐம்பத்தேழிலிருந்து நேரே ஐம்பத்தொன்பதுக்குத் தாவினார். "இப்ப எத்தனை?" என்று மாமியார் கேட்டபோது, நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னார். மாமியார் தலையை மட்டும் ஆட்டினார்.

கோடாலிகள் இருந்தது மாமியாரின் அறையில். கிழக்கே பெரிய ஜன்னல், நல்ல வெயில். இரும்புக்கு ஈரம் ஆகாது. மாமியார் பின்னாலிருந்த சிறிய அறைக்குப் போனார். அதன் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

"உங்களுக்குத்தான் வசதி அத்தை. பாத்ரூம் பக்கத்துலயே."

"ஆமா மாப்பிள்ளை. கோடாலிக்குச் சளி புடிக்கும். எனக்குப் புடிச்சா ஆவி புடிச்சுக்கலாம்."

இந்த ஆசைக்கு ஒரு மன்றமும் இருந்தது. தொல்கோடாலி மன்றம். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. பதவியில் இருந்த காலத்தில் வக்கீல்கள் அவருக்கு வைத்த பெயர் வாய்தா. எந்த வழக்கையும் தள்ளிவைப்பாரே தவிர, முடித்ததில்லை. செயலாளர் ஒரு பல் டாக்டர்.

மன்றத்தின் விதிகள் கறாரானவை. பழைய கோடாலி தூங்குகிறது. அதைத் தீட்டக் கூடாது, எண்ணெய் போடக் கூடாது, துருவைத் துடைக்கக் கூடாது. துரு அதன் முகம். எல்லாவற்றுக்கும் மேலே, ஓங்கக் கூடாது. தூங்குகிற கோடாலியை உரிமையாளரே தன் கையால் எழுப்பினால், மன்றத்தை விட்டு வெளியே. ஒழுங்காகத் தூங்கவைத்திருக்கிறார் என்று தலைவர் வீட்டுக்கு வந்து பார்த்துத் திருப்தியடைந்தால், நிரந்தர உறுப்பினர். சட்டையில் குத்திக்கொள்ள, பித்தளையில் ஒரு சின்னக் கோடாலி கொடுப்பார்கள்.

அந்தப் பித்தளைக் கோடாலிதான் மாப்பிள்ளைக்கு வேண்டும். அறுபதாவது கோடாலி என்று யாரும் அதை எண்ண முடியாது. ஆனால் தெருவில் போட்டுக்கொண்டு போகலாம்.

அவர் மலைபோல் நம்பியிருந்தது கடைசியாக வாங்கிய ஒன்றை. பழைய தீயணைப்புக் கோடாலி. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் கூரான அலகு. எரிகிற வீட்டுக் கதவை உடைத்து ஆளை வெளியே இழுப்பதற்கென்றே அடித்தது. அதோடு சேர்ந்து ஒரு இரும்புத் தாழ்ப்பாளும் வந்தது. இரண்டிலும் ஒரே பிறை முத்திரை, ஒரே கொல்லன். அண்ணனையும் தம்பியையும் பிரிக்க மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் குளியலறைக் கதவின் உட்பக்கம் பொருத்தவைத்தார். அதற்கும் எண்ணெய் கிடையாது.

"இறுகிக்கிட்டு வருது மாப்பிள்ளை. ஒரு சொட்டு விட்டா என்ன?" என்று மாமியார் கேட்டார்.

"முகம் போயிடும் அத்தை."

"யாரு முகம்?"

தலைவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடவே பல் டாக்டர், கையில் பித்தளைக் கோடாலி வைத்த சின்னப் பெட்டி. கை கழுவப் போன தலைவர் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு திரும்பி வந்தார். "அடடா, பயன்பாட்டுலயே பாதுகாப்பு!" என்றார். மாப்பிள்ளை கூச்சத்தோடு தரையைப் பார்த்தார்.

அறையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பல் டாக்டர் குனிந்து, வாயைத் திறக்கச் சொல்பவர் போல, ஒவ்வொரு கோடாலியின் வாயையும் பார்த்தார். தீயணைப்புக் கோடாலியின் முன் தலைவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை கதவு," என்றார். "எத்தனை உயிர்!"

பல் டாக்டர் கைக்குட்டையை நீட்டினார்.

"இப்ப எவ்வளவு நிம்மதியாத் தூங்குது பாருங்க," என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்போது பின்பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"ஏண்டி! இங்க வா. தாழ்ப்பாள் நகர மாட்டேங்குது."

மனைவி சமையலறையிலிருந்து ஓடினாள். பின்னால் மூவரும் போனார்கள்.

"நல்லா இழும்மா."

"இழுத்துட்டேன். சோப்பு தேச்சுட்டேன். ஷாம்பு ஊத்திட்டேன். தாழ்ப்பாளைத் தலைக்குக் குளிப்பாட்டியாச்சு, அசைய மாட்டேங்குது. மாப்பிள்ளை இருக்காரா?"

"இருக்கேன் அத்தை."

"உங்க தாழ்ப்பாளுக்கு என்னை ரொம்பப் புடிச்சுப் போச்சு."

பல் டாக்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"அம்மா, ஊசி போட்டுட்டியா?"

"போட்டேன். குளிச்சிட்டு வந்து சாப்பிடலாம்னு."

மனைவியின் முகம் மாறியது. சர்க்கரைக்குப் போடுகிற ஊசி. போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். போன வருஷம் ஒரு தடவை கொஞ்சம் தாமதமாகி, மாமியார் பேச்சு குழறி, நினைவு தப்பி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னும் நேரமாகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அங்கே சொன்னார்கள். மாப்பிள்ளைதான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தார். அவருக்கும் தெரியும்.

மனைவி சர்க்கரையைக் காகிதத்தில் வைத்துக் கதவுக்கடியில் தள்ளப் பார்த்தாள். தண்ணீர் வெளியே வராமலிருக்க அங்கே ரப்பர் பட்டை அடித்திருந்தது. காகிதம் கிழிந்தது. குளியலறை ஜன்னல் மாடி உயரத்தில், கம்பி போட்டு, பக்கத்துச் சந்துப் பக்கம் இருந்தது. மாப்பிள்ளை தோளால் கதவை மோதினார். பழைய காலத்துக் கட்டைக் கதவு. தோள்தான் வலித்தது. தலைவருக்கு இடுப்பில் ஆபரேஷன். பல் டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார், பிழைப்பே அவற்றில்தான்.

"தீயணைப்புக்குப் போன் போடலாமே," என்றார் பல் டாக்டர், உபயோகமாக ஏதாவது செய்கிற ஆர்வத்தில். போட்டார். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"வண்டி ரெண்டும் வெளிய போயிருக்கு சார். வர்றதுக்கு நேரமாகும். வீட்டுல கோடாலி ஏதாவது இருக்குதா?"

மாப்பிள்ளை கோடாலி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஹலோ? கோடாலி சார். மரம் வெட்டுவாங்களே."

"தெரியும்," என்றார் பல் டாக்டர், கொஞ்சம் சூடாக.

"இருந்தா தாழ்ப்பாளுக்குப் பக்கத்துல ஓங்கி ஒரு போடு போடுங்க. அவ்வளவுதான் விஷயம்."

"இருக்குதுன்னு சொல்லுங்க!" என்றார் மாமியார் உள்ளேயிருந்து. "அம்பத்தொம்பது இருக்குதுன்னு சொல்லுங்க!"

மனைவி புருஷனைப் பார்த்தாள். "போய் எடுத்துட்டு வாங்க."

மாப்பிள்ளை போனார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். இந்த அவசரத்தில் அவரைத் தனியாக விட முடியுமா?

அறையில் ஐம்பத்தொன்பதும் தூங்கிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை மட்டமான ஒன்றைத் தேடினார். தச்சர் கோடாலி கூடாது, அந்த வகையில் அது ஒன்றுதான். இரட்டை வாய் கூடாது, ஒரு வாயை எழுப்பினால் மறுவாயும் விழித்துக்கொள்ளும். முதல் கைக்கோடாலியின் பள்ளத்தில் விரலை வைத்தார், எடுத்தார். அது முதல்.

"அந்த மூலையில இருக்குதே," என்றார் பல் டாக்டர். "பிடி புதுசு போட்டது. அதைக் கணக்குல சேர்க்க வேணாமே."

"பிடி புதுசு. தலை பழசு," என்றார் தலைவர். "தூங்குறது தலையா, பிடியா? இதை மன்றம் இதுவரைக்கும் விவாதிக்கல. நாளைக்கு ஒருத்தர் இதையே முன்னுதாரணமாக் காட்டுவார்."

"ஐயா, இந்தத் தீயணைப்புக் கோடாலியோட வேலையே கதவு உடைக்கிறதுதானே?" என்றார் பல் டாக்டர்.

தலைவருக்கு முகம் சிவந்தது. "வேலை முடிஞ்சு ஓய்வுல இருக்கிற கோடாலி அது. ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டு இப்ப ஒரு தீர்ப்பு சொல்லுன்னா, சொல்லுவேனா?"

வேலையில் இருந்தபோதும் சொன்னதில்லையே என்று பல் டாக்டருக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"என்னங்க!" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

"ஒரு நிமிஷம்மா!"

"இப்பதான் நிதானம் வேணும்," என்றார் தலைவர். "அவசரத்துல எடுத்த முடிவு மேல்முறையீட்டுல நிக்காது."

அப்போது மாமியாரின் குரல் கேட்டது. குழறியது. "யாருடி வெளிய... உங்க அப்பாவா? வந்துட்டாரா?"

மாமனார் இறந்து பல வருஷமாயிற்று. மனைவி கதவைத் தட்டி, "அம்மா, பேசு, ஏதாவது பேசிட்டே இரு," என்று கத்தினாள். பதில் இல்லை. அந்த வீட்டில் மாமியார் பதில் சொல்லாமல் விட்ட முதல் பேச்சு அதுதான்.

மாப்பிள்ளை கையை நீட்டினார். நீட்டவில்லை என்று சொன்னால் பாவம். தீயணைப்புக் கோடாலியின் பிடிக்கும் அவர் விரலுக்கும் இடையில் ஒரு சாண் இருந்திருக்கும். தலைவர் லேசாக இருமினார். பல் டாக்டரின் கையில் சின்னப் பெட்டி பாதி திறந்திருந்தது. பித்தளை பளபளத்தது. கை அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளையின் மனசில் ஒரு கடிதம் தானாக ஓட ஆரம்பித்தது: மிகுந்த பரிசீலனைக்குப் பின்...

மனைவி உள்ளே வந்தாள். நிற்கிற கையைப் பார்த்தாள். திறந்திருக்கிற பெட்டியைப் பார்த்தாள். கைக்கும் கோடாலிக்கும் நடுவில் புகுந்து கோடாலியை எடுத்தாள். போனாள்.

மூவரும் பின்னால் ஓடினார்கள்.

"அம்மா, தள்ளி உக்காரு!" என்று கத்திவிட்டு ஓங்கினாள். நாள் முழுக்க முத்திரை குத்திப் பழகிய கை. முதல் அடி சட்டத்தில் விழுந்து ஒரு சில்லைப் பெயர்த்தது. இரண்டாவது, தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் போய் இறங்கியது. அலகை உள்ளே கொடுத்துத் திருகினாள். அண்ணன் தம்பியை வெளியே பிடுங்கிப் போட்டான். தாழ்ப்பாள் தரையில் விழுந்து கணகணவென்று உருண்டது.

மாமியார் சுவரில் சாய்ந்து, ஈர நைட்டியோடு, வேர்த்துக் கொட்டி, கண் செருகிக் கிடந்தார். மனைவி கோடாலியைப் போட்டுவிட்டு, தலையை மடியில் தூக்கிவைத்து, சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

ஆண்கள் மூவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கோடாலி வெட்டி அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெட்டு சுத்தமாக இருந்தது. பழுப்பேறிய கதவுக்குள் மரம் வெள்ளையாகத் தெரிந்தது. புது மர வாசனை வந்தது. தலைவர் வெட்டின் விளிம்பை விரலால் தடவினார்.

"சத்தம் கேட்டீங்களா?" என்றார் மெதுவாக. "என்ன ஒரு சத்தம்!"

"இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்த பல் டாக்டர், தரையில் இருந்த இரண்டு பெண்களைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை மயிர்க்கூச்செறிந்து நின்றார். இத்தனை காலம் சுவரில் தொங்கியது என்ன என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை இன்னொருவர் கையில் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கத்தானே அவர் பிறந்தார்.

மாமியாருக்கு நினைவு திரும்ப, எல்லாரும் கூடத்துக்கு வந்தார்கள். நாற்காலியில் அவரை உட்காரவைத்து, மனைவி ஊட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் தொண்டையைச் செருமினார். ஆயுளில் முதல் தடவையாக அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார்.

"கோடாலி எழுந்துருச்சு. மறுக்க முடியாது. ஆனா எழுப்பின கை யாருது? உரிமையாளர் கை இல்ல. அவர் கை கடைசிவரைக்கும் கட்டுப்பாடா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் சாட்சி. சொந்த வீட்டுக்குள்ள, சொந்த மாமியார் விஷயத்துலகூட! இந்த அளவுக்கு ஒரு பற்றை நான் பார்த்ததில்ல."

பல் டாக்டர் பெட்டியைத் திறந்தார். தலைவர் மாப்பிள்ளையின் சட்டையில் பித்தளைக் கோடாலியைக் குத்தினார். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சந்தோஷம்.

மாமியார் மெல்லக் கண்ணைத் திருப்பினார். உதட்டில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"மாப்பிள்ளைக்கு என்னடி குத்துறாங்க?"

"மெடல்மா."

"எதுக்கு?"

"நீ உள்ள கிடந்தப்ப சும்மா நின்னதுக்கு."

மாமியார் உதட்டுச் சர்க்கரையை நக்கிக்கொண்டார். "குடுக்க வேண்டியதுதான்," என்றார். "லேசுப்பட்ட காரியமா?"

போகும்போது தலைவருக்கு ஒரு ஆசை. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "அம்மா, தப்பா நினைக்கக் கூடாது. அந்தக் கதவை மன்றத்துக்குத் தர முடியுமா? அசல் வெட்டு. கிடைக்காது."

"தாராளமா," என்றார் மாமியார். "ஆள் அனுப்பி எடுத்துக்கிட்டுப் போங்க. பாத்ரூமுக்கு வேற கதவு இருக்குது."

வேறு கதவு எது என்று மாப்பிள்ளைக்கு மறுநாள் மாலை, அலுவலகத்திலிருந்து வந்தபோது தெரிந்தது. கோடாலி அறைக்குக் கதவு இல்லை. தச்சர் அதைக் கழற்றிக் குளியலறைக்கு மாட்டியிருந்தார். உள்ளே, விரலால் தொட்டால் ஓடுகிற புது ஸ்டீல் தாழ்ப்பாள். வெளியே சுவரில் ஒரு ஆணி. ஆணியில் தீயணைப்புக் கோடாலி. துரு ஒரு பொட்டு இல்லை. வாய் தீட்டியிருந்தது. எண்ணெய் மின்னியது.

"இதோட முகம்..." என்றார் மாப்பிள்ளை.

"எழுப்பியாச்சு," என்றாள் மனைவி. "இனி முழிச்சுட்டே இருக்கட்டும்."

மாமியாரின் கட்டிலும் பெரிய அறைக்கே திரும்பியிருந்தது, வெயில் விழுகிற ஜன்னலோரம். இரட்டை வாய்க் கோடாலியின் ஒரு வாயில் அவருடைய துண்டு காய்ந்தது. தச்சர் கோடாலியில் மாத்திரைப் பை தொங்கியது.

"ஒண்ணு வெளிய போயிடுச்சே," என்றார் மாமியார், சுவரைச் சுற்றிப் பார்த்து. "இப்ப இங்க எத்தனை, மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை மனசுக்குள் கழித்துப் பார்த்தார்.

பித்தளைக் கோடாலியைத் தினமும் போட்டுக்கொண்டு போகிறார். அலுவலகத்தில் ஒருவர், அது தைலக் கம்பெனி விளம்பரமா என்று கேட்டார். குளிக்கப் போகும்போது சட்டையைக் கழற்றி ஆணியில், அந்தப் பெரிய கோடாலிக்குப் பக்கத்தில் மாட்டுகிறார். உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார். தாழ்ப்பாள் மட்டும் போடுவதில்லை. ஒரு காலைக் கதவில் ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று குளிக்கிறார்.

"தாழ்ப்பாள் போட்டுக்கங்க மாப்பிள்ளை," என்று மாமியார் வெளியே இருந்து சொல்வார். "வழுக்கி விழுந்துடப் போறீங்க. மாட்டிக்கிட்டா என்ன, நாங்கதான் வெளிய இருக்கோமே."

"வேண்டாம் அத்தை," என்கிறார் மாப்பிள்ளை.